கெலொக் தபாற்கந்தோரின் சுவர்

1930களின் பொருளாதாரப் பெருமந்தம் ஐக்கிய அமெரிக்காவின் சிறு நகரங்களுக்கு விட்டுச் சென்ற பொதுக் கட்டடங்களுள் தபாற்கந்தோர்கள் தனியிடம் பெறுவன. வேலையின்மையைத் தணிக்கும் பொருட்டு றூஸ்வெல்ற் அரசு மேற்கொண்ட நிர்மாணப் பணிகளின் பேறாக நூற்றுக்கணக்கில் இவை எழுந்தன. 1934 இல் திறைசேரியின் கீழ் அமைக்கப்பட்ட ஓவிய, சிற்பப் பிரிவு, கட்டடச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கென ஒதுக்க வழிசெய்தது. இப்பிரிவை வறிய கலைஞருக்கான நிவாரணத் திட்டங்களோடு ஒன்றாக எண்ணுவோர் பலர், அது தவறு. இப்பிரிவு வறுமையை அன்றித் திறமையையே அளவுகோலாகக் கொண்டது.

வடமேற்கே ஐடகோ மாநிலத்தின் சுரங்க நகரமான கெலொக்கின் தபாற்கந்தோர் இவ்வகையில் நோக்கற்பாலது. 1885 இல் நோவா கெலொக் என்பார் இப்பகுதியில் ஈயமும் வெள்ளியும் செறிந்த தாதுப்படிவைக் கண்டார். அதனை உண்மையிற் கண்டது அவருடைய கழுதையே என்பது ஊர்க்கதை. அவ்வழி தோன்றிய பங்கர் ஹில் சுரங்கம் நகரின் வாழ்வாயிற்று, அதன் பூசலுமாயிற்று. 1899 இல் தொழிற்சங்கத்தினர் புகையிரதமொன்றைக் கைப்பற்றிச் சென்று கம்பனியின் தாது செறிவாக்கும் ஆலையை வெடிவைத்துத் தகர்த்தனர். படையினர் வந்தனர், இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றி அடைத்து வைக்கப்பட்டனர். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த நினைவு அங்கு ஆறியிருக்கவில்லை எனலாம்.

1939 இல் மாநிலத்துக்கு ஒரு தபாற்கந்தோராக நாற்பத்தெட்டு மாநிலங்களுக்கும் சுவரோவியப் போட்டி நடத்தப்பட்டது. கெலொக்கிற்குத் தெரிவானது பிளெச்சர் மார்ட்டினின் ‘சுரங்க மீட்பு’. மரம் வெட்டியாகவும் கடற்படையினனாகவும் உழைத்த மார்ட்டின், ஓவியத்தைத் தாமே பயின்றவர். காயமுற்ற தோழனைத் தூக்குப் படுக்கையிற் சுமந்துவரும் தொழிலாளரை அவர் தீட்டியிருந்தார். சுரங்க வேலை அறிந்த எவருக்கும் புதுமையற்ற காட்சி அது.

எதிர்ப்பு உடனே கிளம்பிற்று. சுரங்கங்களில் உறவினரை இழந்தோரின் மனத்தை இது புண்படுத்தும் என்பது எதிர்த்தோர் கூறிய காரணம். ஆயின் எதிர்ப்பின் முன்னணியில் நின்றோர் சுரங்க முதலாளிமார். உறவினரை உண்மையில் இழந்த தொழிலாளரின் சங்கமோ ஓவியத்தை வரவேற்றது. இம்முரண் மனங்கொள்ளத்தக்கது. தபால் பெறவும் அனுப்பவும் ஊரார் யாவரும் நாள்தோறும் வந்துபோகும் இடத்தில், ஈயத்தின் விலை இன்னதென அச்சுவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். வாஷிங்டனிலிருந்த அதிகாரிகள் பணிந்தனர். மார்ட்டின் வேறோர் ஓவியம் வரைந்தார். 1941 இல் சுவரேறிய அதன் பெயர் ‘கண்டுபிடிப்பு’. கெலொக்கும் அவருடைய கழுதையும் அதில் இடம்பெற்றனர். எவருக்கும் அதில் ஆட்சேபமிருக்கவில்லை. மார்ட்டினின் கைத்திறனிற் குறை காண்பதற்கில்லை. எனினும் முதலாவதை அறிந்தவருக்கு இரண்டாவது வெறும் அலங்காரமாகவே தோன்றும்.

1972 மே 2 ஆந் திகதி கெலொக்குக்கு அண்மையிலுள்ள சன்ஷைன் வெள்ளிச் சுரங்கத்தில் தீப்பற்றியது. 91 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது நச்சுப்புகையே. ஒரு வாரத்தின் பின் இருவர் மட்டும் உயிருடன் மீட்டெடுக்கப்பட்டனர். அவ்வூர் ஏற்க மறுத்த ‘சுரங்க மீட்பு’ ஓவியத்தின் மாதிரி வரைவு, வாஷிங்டனிலுள்ள சிமித்சோனிய அமெரிக்கக் கலைக்கூடத்தின் தொகுப்பைச் சேர்ந்துள்ளது.