லொரேட்டோ பள்ளி, சியால்தா

கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகில் லொரேட்டோ கன்னியர் நடத்தும் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி. 1857-இல் தொடங்கப்பட்டது. அயர்லாந்தில் பிறந்த சகோதரி சிரில் மூனி 1979-இல் தலைமை ஏற்றபின், நாளடைவில் மாணவியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டணமின்றிப் படித்தனர். வசதியுள்ள வீட்டுப் பெண்களும் சேரிச் சிறுமியரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர்.

1985-இல் தொடங்கிய ‘ரெயின்போ’ திட்டமே இப்பள்ளியின் தனிச்சிறப்பு. தெருவோரச் சிறுமியர் எந்த நேரத்திலும் உள்ளே வர முடிந்தது. மேல்வகுப்பு மாணவியர் முறைவைத்து வகுப்பிலிருந்து வந்து, ஆளுக்கொரு சிறுமிக்குப் பாடம் சொல்லித்தந்தார்கள். இது பாடத்திட்டத்திலிருந்த வேலைக்கல்வியின் பகுதியாக இருந்தது, தருமமாகக் கருதப்படவில்லை. பின்னர் வீடற்ற சிறுமியர் பள்ளிக் கட்டிடத்திலேயே தங்கினர்.

ஆசிரியர் நலனுக்கும் இந்த ஏற்பாடு உதவக்கூடியது. தெருவோரச் சிறுமியர் வயதுக்கேற்ற வகுப்பில் சேருமுன் ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் தனிக்கவனத்தை ஆசிரியை ஒருவரே சுமந்தால் சோர்ந்துபோவார். இங்கே அச்சுமை பலர் தோளில் பகிரப்பட்டது. ஊழியர் நலன் என்றால் விடுப்பும் சம்பளமும் மட்டுமே என எண்ணும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கு வெளியே, சேரிகளிலும் கிராமங்களிலும் கற்பிக்க உள்ளூர் இளைஞர்களுக்கும் பள்ளி பயிற்சி அளித்தது.

சகோதரி சிரில் 2007-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2023-இல் காலமானார்.