உயிர்வேலியும் முள்கம்பி வேலியும்



வீட்டைச் சுற்றி வேலிமூங்கில் வளர்க்க விரும்புவோர் காஹாங் வட்டாரத்தில் உள்ளனர். நடும் முறையைக் கூறுமுன், வேலியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். வேலி யாருக்காக இடப்படுகிறது என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது.

மூங்கில் வேலி தமிழர்க்குப் புதியதன்று. குறுந்தொகையின் 18ஆம் பாடலில் கபிலர், வேரல் என்னும் சிறுமூங்கில் வேலியாகச் சூழ்ந்த மலைச்சாரற் பலாவைக் காட்டுகின்றார். திருவள்ளுவர் அரணின் உறுப்புகளாக நீர், நிலம், மலை ஆகியவற்றோடு காட்டையும் வைத்தார். அவை கனியையும் குடியையும் காத்தவை.

ஆங்கிலேயர் ஆட்சியில் உயிர்வேலியின் நோக்கம் மாறியது. வரி கொடாத உப்பைத் தடுக்கச் சிந்து நதி முதல் மகாநதி வரை சுங்க எல்லை வகுத்தனர். 1869இல் அதன் நீளம் ஏறத்தாழ 2,300 மைல். காவலர் ஏறத்தாழ 12,000 பேர். அதன் ஒரு பகுதியில் முட்செடிகளும், சிலவிடங்களில் மூங்கிலும் வேலியாக வளர்க்கப்பட்டன. 1879இல் அவ்வெல்லை கைவிடப்பட்டது.

மலாயாவில் வேலிக்கு உயிரே இல்லாமற் போயிற்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், 1950இன் பிரிக்ஸ் திட்டப்படி ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். நம்மவர் வாழ்ந்த தோட்டக் குடியிருப்புகள் பலவும் முள்கம்பிக்குள் வந்தன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு சென்றுவிடாதபடி, வேலைக்குச் செல்வோர் வாயிலிலேயே சோதிக்கப்பட்டனர். வேலியை இட்டவர் வேறு. அதனுள் வாழ்ந்தவர் வேறு.

இன்று நம் வீட்டு வேலியை நாமே நடுகின்றோம். வேலிமூங்கில் தூராகத் திரளும் இனம். அயல்நிலத்தில் வேரோடிப் பரவாது. அரிதாகவே பூப்பதால் விதையை நம்புதல் இயலாது. முதிர்ந்த தூரின் ஓரத்திலிருந்து, ஓரிரு ஆண்டு வயதுடைய இரண்டு மூன்று கழிகளை வேர்க்கிழங்கோடு பிரித்தெடுக்க வேண்டும். சில கணுக்களை விட்டு மேற்பகுதியை நறுக்கிவிட்டு, மூன்றடி இடைவெளியில் நட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நவம்பர் மாதம் நமக்கு ஏற்றது. நீர் தேங்கும் இடம் ஆகாது. பின்னர் ஆண்டுதோறும் முதிர்ந்த கழிகளைக் களைந்தால் புதுக்குருத்துக்கு இடம் கிடைக்கும்.

முள்கம்பிக்குள் வாழ்ந்த நாள்களை நினைவுகூரும் பெரியவர்கள் இன்று முதுமையடைந்தவர்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் அத்தகையோர் இருப்பின், அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதி வையுங்கள். மூங்கில் நட அடுத்த மழை வரும். அவர்கள் சொற்களை அவ்வாறு ஒத்திவைக்க இயலாது.