70 வளைவு இறங்கி பி.காம் படிக்கப் போறீங்களா? உங்க வீட்டு மிளகுக் கொடிதான் முதல் பாடம்!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காரவள்ளியில் பஸ் சமதளத்தைத் தொடும்போது காது அடைத்துத் திறக்கும். அந்த பஸ்ஸில் சேந்தமங்கலம், நாமக்கல், ராசிபுரம் என்று கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். பலருக்கு வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவர்கள்தான். பி.காம், பி.பி.ஏ சேர்ந்தவர்களிடம் ஊரில் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

நீங்கள் அப்படி ஒருவர் என்றால், இந்தக் கேள்விக்கு உடனே பதில் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருஷம் கையில் இருக்கிறது. வணிகவியல் புத்தகத்தில் இருப்பதெல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

அப்பாவின் முன்பணம்

மலையில் பல வீடுகளில் மிளகு பறிக்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். பள்ளிச் செலவோ, ஆஸ்பத்திரிச் செலவோ, ஐப்பசியில் ஒரு தேவை வந்திருக்கும். "வட்டியே வாங்காத நல்ல மனுஷன்" என்று அப்பா சொல்வார். ஒரு நோட்டை எடுத்து இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டு எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணம் 3,000 ரூபாய். நான்கு மாதம் கழித்து 30 கிலோ பச்சை மிளகு கொடுக்கிறீர்கள். முன்பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிலோ 200 ரூபாய் கிடைக்கிறது, உங்களுக்கு 180. கிலோவுக்கு 20 ரூபாய் வீதம் 600 ரூபாய் குறைந்துவிட்டது. 3,000 ரூபாய்க்கு நான்கு மாதத்தில் 600 என்றால் 20 சதவிகிதம். ஆண்டுக் கணக்கில் 60 சதவிகிதம்! மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால்கூட ஆண்டுக்கு 36தான். கூட்டுறவுச் சங்கக் கடன் அதைவிடப் பல மடங்கு மலிவு.

இதை வைத்து அப்பாவிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு அவசரம் என்றால் பணம் எடுத்துக் கொடுத்தவர் அந்த வியாபாரிதான். வங்கி அப்போது பூட்டியிருந்தது. அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. எவ்வளவு விலை என்று தெரிந்து கொடுக்கிறோமா என்பதுதான் விஷயம்.

அடுத்த கணக்கு, காயவைத்து விற்பது. சுமார் மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ கருமிளகு. அந்த 30 கிலோ 10 கிலோவாகும். கிலோ 650 என்று வைத்தால் 6,500 ரூபாய். பச்சையாகவே 200 ரூபாய்க்கு விற்றிருந்தால் 6,000. வித்தியாசம் 500. அந்த 500-க்காக உதிர்க்கும் கூலி, ஒரு வாரம் மேகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாய் விரிக்கும் வேலை, கீழே கொண்டுபோக பஸ் செலவு... லாபமா, நஷ்டமா? வகுப்பில் 'வாய்ப்புச் செலவு' என்று நடத்துவது இதைத்தான். பச்சைக்கும் காய்ந்ததுக்கும் உள்ள விலை இடைவெளி வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரு சீசன் முழுக்க இரண்டு விலையையும் தேதி போட்டு எழுதிவைத்தாலே, கடைசி வருஷ புராஜெக்ட்டில் பாதி முடிந்தது.

வரியையும் விடாதீர்கள். விவசாயி தன் மிளகைக் காயவைத்து விற்றாலும் ஜி.எஸ்.டி கிடையாது என்று 2024 டிசம்பரில் நடந்த ஜி.எஸ்.டி கவுன்சில் கூட்டம் தெளிவுபடுத்தியது. ஆனால் அதே மிளகை மற்றவர்களிடம் வாங்கி விற்றால் நீங்கள் வியாபாரி, விதிகள் வேறு. பாக்கெட் போட்டு விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண், எடை, விலை, பேக் செய்த தேதி, முகவரி எல்லாம் வேண்டும். பதிவுக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறை நீங்களே விசாரித்துப் பாருங்கள். தேர்வில் வருகிறதோ இல்லையோ, ஊரில் பத்து பேர் உங்களைத் தேடி வருவார்கள்.

கீழே இருக்கும் வகுப்பறை

நாமக்கல்லில் படிப்பதே ஒரு வசதி. முட்டை விலை எப்படி அறிவிக்கப்படுகிறது, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. நாமக்கல், ராசிபுரம் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் ஓரமாக நின்று பாருங்கள். பத்து வியாபாரிகள் ஒரே மூட்டைக்குப் போட்டி போடும்போது விலை என்ன ஆகிறது, ஒரே ஒருவர் வீடு தேடி வந்து வாங்கும்போது என்ன ஆகிறது என்று அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

மரவள்ளியும் நல்ல பாடம். மலையில் சாமை, தினை விளைந்த நிலங்களில் மரவள்ளி ஏறியதற்குப் பெரிய காரணம் கீழே சேலம், ராசிபுரம் பக்கம் இருக்கும் ஜவ்வரிசி ஆலைகள். ஆலை முதலாளிகளோ தங்கள் சரக்கை விற்க 1981-லேயே சேலத்தில் 'சேகோசர்வ்' என்று கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். கிழங்கு விளைவிக்கும் பக்கம் அந்த பலம் ஏன் வரவில்லை? இன்னொரு பக்கம், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் பல வருஷம் வேலை செய்து, விதை வங்கியும் மகளிர் குழுக்கள் மூலம் சிறுதானிய விற்பனையும் கொண்டுவந்தது. அதில் இருந்த பெண்கள் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். எது விற்றது, எது தேங்கியது என்று அவர்களைக் கேளுங்கள். எந்த கைடிலும் கிடைக்காத பதில் வரும்.

ஆடி 17, 18-ல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. கூட்டம் அள்ளும். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கடையில் ஒரு நாள் கூட நின்று, ஒரு டம்ளருக்கு அடக்கவிலை என்ன என்று பாருங்கள். (கிழங்கைத் தோண்டிக்கொண்டே போனால் எத்தனை வருஷம் வரும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கணும்.)

இங்கிலீஷ் பயம்

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் 'டெபிட், கிரெடிட்' கேட்டு முழிப்பது சகஜம். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பற்று, வரவு, இருப்புநிலைக் குறிப்பு என்று தமிழில் புரிந்ததுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் வார்த்தையை எழுதிக்கொண்டே வாருங்கள். டேலியைவிட எக்செல்லுக்கு முதல் இடம் கொடுங்கள் என்பேன். மேலே போட்ட மிளகுக் கணக்கையே அதில் போட்டுப் பழகலாம். 'நான் முதல்வன்' வகுப்புகளை அட்டெண்டன்ஸுக்காக மட்டும் உட்கார்ந்து கடத்துகிறவர்கள் அதிகம். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

காகிதம் பத்திரம்

கொல்லிமலை மலையாளி மக்களுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தருவது வருவாய்க் கோட்டாட்சியர், தாசில்தார் அல்ல. வேலை விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதற்கு அலைய முடியாது, முதல் வருஷத்திலேயே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பணம் பஸ்ஸுக்கும் விடுதிச் செலவுக்கும் பெரிய ஆறுதல்.

பி.காமில் 55 சதவிகிதம் எடுத்தால் சி.ஏ-வுக்கு ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். எம்.பி.ஏ ஆசை என்றால் திருச்சியிலேயே ஐ.ஐ.எம் இருக்கிறது, மத்திய நிறுவனம் என்பதால் பழங்குடியினருக்கு 7.5 சதவிகித இட ஒதுக்கீடு. சொந்தத் தொழில் என்றால் 2023-ல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 35 சதவிகித மானியம் தருகிறது. விண்ணப்பம் மாவட்ட தொழில் மையத்தில். அங்கே முதலில் கேட்பது திட்ட அறிக்கை: எவ்வளவு முதலீடு, கிலோவுக்கு அடக்கவிலை என்ன, யாரிடம் விற்பீர்கள்? புரோக்கர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிற அந்த அறிக்கைக்கான எண்கள், தை மாதத்திலிருந்து தேதி போட்டு எழுதி வந்த உங்கள் நோட்டில் இருக்கும்.