பையனுக்கு பி.இ., பொண்ணுக்கு பி.எஸ்சி. – எங்கள் தீர்மான நோட்டு சொல்வது

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு முதலில் ஆரம்பித்தது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். 1989 செப்டம்பர். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது. ஆட்டுக்கும் கறவை மாட்டுக்கும் கடன் கொடுத்த கதையை இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் படிப்புக்குக் கொடுத்த கடனைப் பற்றி எழுதுகிறேன்.

இதற்காக எங்கள் குழுவின் பழைய தீர்மான நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். கல்லூரிக் கட்டணம் என்று எழுதிய பக்கங்களில் ஒன்று கண்ணில் பட்டது. பையன் என்றால் பி.இ. பொண்ணு என்றால் பி.எஸ்சி. கணிதம், இல்லாவிட்டால் வேதியியல், தாவரவியல். ப்ளஸ் டூவில் ஒரே குரூப் எடுத்துப் படித்த பிள்ளைகள்தான்!

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் அறிவியல் படிப்பவர்கள் 57.2 லட்சம் பேர். அதில் 29.8 லட்சம் பேர் பெண்கள், ஆண்களைவிட அதிகம். பொறியியலில் மட்டும் பத்துப் பேருக்கு மூன்று பேர்தான் பெண்கள். கணக்கு வராத பொண்ணுங்களா இவர்கள்?

எனக்குத் தெரிந்த காரணம் பஸ். தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குக் காலையில் போனால் சாயந்தரம் வீட்டுக்கு வந்துவிடலாம். பி.இ. என்றால் ஹாஸ்டல். பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994-லேயே வந்தது, ஆனால் பென்னாகரம் பக்கத்துப் பொண்ணு அங்கே தினமும் போய் வர முடியுமா? நம்ம செட்டிக்கரைக்கு அரசு பொறியியல் கல்லூரி வந்தது 2013-ல்தான்.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943-ல் மின் பொறியியல் முடித்தவர் அ. லலிதா, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கைம்பெண், கையில் நாலு மாதக் குழந்தை. டாக்டருக்குப் படித்தால் ராத்திரியிலும் கூப்பிடுவார்கள், குழந்தையை யார் பார்ப்பது என்று யோசித்துத்தான் இன்ஜினியரிங் எடுத்தார். சான்றிதழில் ஆண்பால் சொல்லை அடித்துப் பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்களாம். பிறகு பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலை வரை அவர் கை பட்டது. அவரும் வீட்டுக் கணக்குப் போட்டுத்தான் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். கதவு திறந்தது.

எங்க பொண்ணுங்களுக்கு அப்படி ஒரு அப்பா இல்லை, குழு இருந்தது. 2003-ல் ஒரு உறுப்பினர் மகளுக்கு கவுன்சிலிங்கில் வெளியூரில் இடம் கிடைத்தது. கடன் கேட்டார். "பொட்டப்புள்ளய அவ்வளவு தூரம் அனுப்பி, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டது ஊக்குநராக இருந்த நான்தான். 'கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அந்த வருடமே இன்னொருவர் மகனுக்கு, மதிப்பெண் குறைவு, பி.இ.க்குக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பொண்ணு பி.எஸ்சி. முடித்து டீச்சராக இருக்கிறாள். பார்த்தால் நல்லாத்தான் பேசுறா. எனக்குத்தான் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பொண்ணுங்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகுது. போன ஜூனில் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படிக்க ஒரு பொண்ணு கேட்டாள். "மெக்கானிக்கலா? ஏன் கம்ப்யூட்டர் எடுக்கக் கூடாது?" என்றார்கள் இரண்டு பேர். ஒரு மணி நேரம் பேசினோம். தீர்மானம் நிறைவேறியது, முதல் கையெழுத்து என்னுடையது.