உறை சொல்வதும் அட்டை சொல்வதும்

நாவலப்பிட்டியில் குளிசை இரண்டு கோலத்தில் நோயாளியின் கைக்கு வருகிறது. அரச வைத்தியசாலையின் மருந்துச் சாளரத்தில் கிடைப்பது சிறு காகித உறை. கடைத்தெருப் பாமசியில் கிடைப்பது மினுங்கும் குளிசை அட்டை. முன்னது இலவசம், பின்னது விலைக்கு என்பது எல்லோரும் அறிந்ததே. மருந்தை ஆபத்தின்றி உட்கொள்ளத் தேவையான தகவலில் எதை உறை சொல்கிறது, எதை அட்டை சொல்கிறது என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

உறையில் முதலில் கண்ணில் படுவது வேளைக் கணக்கு: காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். பேனாவால் அவசரமாக எழுதிய அந்தக் குறிப்பு அந்த ஒரு நோயாளிக்காகவே எழுதப்பட்டது. அட்டையில் முதலில் கண்ணில் படுவது வணிகப் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பொதுப் பெயர், மில்லிகிராம் அளவு, உற்பத்தியாளர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி. அந்த அச்சு அதை வாங்கும் எல்லோருக்கும் பொதுவானது. சுருங்கச் சொன்னால், உறை நோயாளியை அறியும்; அட்டை மருந்தை அறியும்.

ஒன்றின் பலம் மற்றதன் குறையாக அமைவதைத் தெளிவாகக் காட்டும் மருந்து மெதோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு அதைக் கிழமைக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள். தவறுதலாக நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகின் பல நாடுகளில் உண்டு. அட்டையில் 2.5 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் இந்த ஆபத்து நீங்காது. ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று உறையில் எழுதும் இரண்டு சொற்கள் நீக்கும். இந்த இடத்தில் உறையே மேல்.

அடுத்த இடத்தில் அட்டை முந்துகிறது. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரின் பார்வை, இந்தியாவிலிருந்து வந்த பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தைப் பாவித்தபின் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் செப்ட்ரியக்சோன் ஊசி ஏற்றப்பட்ட 21 வயது யுவதி உயிரிழந்தார். இவ்வாறான வேளைகளில் சந்தேகத்துக்குரிய மருந்தை அடையாளம் காண உதவுபவை அதன் பெயரும் தொகுதி இலக்கமும்தான். அந்த மருந்து குளிசையாக இருந்தால், முழு அட்டையை வைத்திருப்பவர் வீட்டிலிருந்தபடியே அதைப் பார்த்துக்கொள்ளலாம். உறையில் உதிரிக் குளிசைகளை வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை.

ஈரத்தைப் பொறுத்தும் இதே நிலைதான். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் நாவலப்பிட்டியின் லயக் காம்பராக்களில் உப்பே கசிந்துவிடும். அட்டைக்குள் இருக்கும் குளிசை அந்த ஈரத்தைத் தாங்கும். காகித உறைக்குள் இருப்பது மெல்ல நமுத்துப்போகும். ஈரம் மட்டுமல்ல, பொதியை மாற்றுவதும் கெடுக்கும்: நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் கிளிசரில் ட்ரைநைட்ரேட் குளிசையை அதன் கண்ணாடிப் போத்தலிலிருந்து எடுத்து வேறொன்றில் மாற்றி வைத்தால், வலி வரும் நேரத்தில் அதன் வீரியம் குறைந்திருக்கலாம்.

இதுவரை வேற்றுமைகள். ஆனால் இரண்டையும் சற்று நேரம் அருகருகே வைத்துப் பார்த்தால் எதிர்பாராத உறவொன்று தெரிகிறது: இரண்டுமே தோற்றத்தை மாற்றிக்கொள்கின்றன. அரசு கேள்விப்பத்திரம் கோரி மருந்து வாங்குவதால் சென்ற மாதம் வெள்ளையாக இருந்த இரத்த அழுத்தக் குளிசை இந்த மாதம் இளஞ்சிவப்பாக வரலாம். பாமசியில் கையிருப்பு மாறும்போது அதே லொசார்டான் வேறு வணிகப் பெயரில் வரலாம். உறைக்காரர் நிறத்தைக் கண்டு மருந்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறார். அட்டைக்காரர் பெயரைக் கண்டு அதையே நினைக்கிறார். பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கும் ஆபத்து இருவருக்கும் ஒன்றே.

இந்த மாற்றங்களுக்கிடையே மாறாதது பொதுப் பெயர். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக்க பிபிலே அதன் பெறுமதியை உணர்ந்தவர். 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, மருந்துகளைப் பொதுப் பெயரில் வாங்கும் முறையை நாட்டில் நிலைநிறுத்தியவர். அவருடைய கொள்கையைப் பெரும்பாலும் விலையோடு சேர்த்தே பேசுகிறோம். அது பாதுகாப்புக்கும் உரியது. முழங்கால் வலிக்கு வைத்தியசாலை தந்த டைக்ளோபெனாக்கும், அதே வலிக்குப் பாமசியில் கேட்டு வாங்கிய வோல்டரனும் ஒரே மருந்து என்பதைப் பொதுப் பெயர்தான் காட்டிக்கொடுக்கும். தெரியாமல் இரண்டையும் எடுத்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படலாம். ஏற்கெனவே லொசார்டான் எடுப்பவராயின் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

இரண்டாவது உறவு வறுமையினூடாக வருகிறது. முழு அட்டைக்குக் காசில்லாதவர் நாலு குளிசை மட்டும் கேட்கிறார். பாமசிக்காரர் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறார். காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் அட்டையின் ஒரு நுனியில் மட்டும் பதிந்திருந்தால், வெட்டிய துண்டில் அவை இராது. வைத்தியசாலையிலும் அட்டையை வெட்டி உறைக்குள் இடுவதுண்டு. ஆக, கத்தரிக்கோல் பட்ட அட்டை உறையைப்போலவே மௌனமாகிவிடுகிறது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியசாலைகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுப்பது பெருகியது. அதனால் உறையும் அட்டையும் ஒரே பையில், ஒரே கிளினிக் கொப்பியின் அருகில் வந்து சேர்ந்தன. ஆயினும் இரண்டின் தகவல்களும் ஒன்றுசேரவில்லை.

மூன்றாவது உறவு மொழி. உறையில் எழுதுவது பெரும்பாலும் சிங்களத்தில். அட்டையில் அச்சிடுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தொலஸ்பாகைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் அம்மாவுக்கு இரண்டும் ஒரே அளவில் வாய்மூடி நிற்கின்றன. எதனுடன் சேர்த்து எடுக்கக் கூடாது, எந்த அறிகுறி கண்டால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டும் என்ற எச்சரிக்கையை உறையும் சொல்வதில்லை, வெட்டிய அட்டையும் சொல்வதில்லை. அந்த எச்சரிக்கைகளை அச்சிட்ட தாள் அட்டை வந்த பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது.

எனவே தீர்ப்பு இதுதான்: எப்படி எடுப்பது என்பதில் உறை சிறந்தது, எதை எடுக்கிறோம் என்பதில் அட்டை சிறந்தது, எச்சரிக்கையில் இரண்டும் தோற்கின்றன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் சுகாதார அமைச்சும் மனம் வைத்தால், பொதுப் பெயர், வேளை, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முக்கிய எச்சரிக்கை ஆகிய ஐந்தையும் நோயாளியின் மொழியில் ஒரே ஒட்டுத்தாளில் தரச் செய்யலாம். அதற்குப் புது மருந்தோ பெரிய இயந்திரமோ வேண்டியதில்லை.

அதுவரை நம் பங்கை நாம் செய்வோம். சாளரத்தில் நின்றாலும் கவுண்டரில் நின்றாலும் மருந்தின் பொதுப் பெயரைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். அட்டையை வெட்டினால் திகதியையும் தொகுதி இலக்கத்தையும் உறையில் குறித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், பாமசியில் வாங்கியதையும் சேர்த்து, அடுத்த கிளினிக்குக்கு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அது நோயாளியின் உரிமை.