பின்னால் அகன்ற டயர், நான்கு சக்கர இயக்கம்: ரிம் மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு

ஜோர்ஜ்டவுன் - காருக்குப் புதிய ஸ்போர்ட் ரிம் பொருத்தும்போது முன்னால் ஓர் அளவு, பின்னால் அதைவிட அகன்ற அளவு என்று போடுவதைப் பல வாகனமோட்டிகள் விரும்புகின்றனர். பின் சக்கரங்களால் மட்டும் இயங்கும் காரில் இதற்குக் காரணம் உண்டு. எஞ்சினின் முழுச் சக்தியும் பின்னால் போவதால் அங்கே கூடுதல் பிடிமானம் தேவைப்படுகிறது. ஆனால், நான்கு சக்கரங்களும் இயங்கும் காரில் அதே மாற்றத்தைக் கணக்குப் பார்க்காமல் செய்தால், செலவு ரிம் வாங்கியதோடு முடிவதில்லை.

ஹோண்டா சிஆர்-வி, புரோட்டோன் எக்ஸ்70 ஆகியவற்றின் நான்கு சக்கர இயக்க ரகங்கள், சுபாரு ஃபோரெஸ்டர், டோயோட்டா ஜிஆர் யாரிஸ் எனப் பல மாடல்கள் மலேசியாவில் விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றை வைத்திருப்போர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பிரச்சினை டயரின் அகலத்தில் இல்லை. அதன் சுற்றளவில் இருக்கிறது.

டயரில் உள்ள எண்கள்

235/60 ஆர்18 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவிலுள்ள 60 மில்லிமீட்டர் அல்ல, விழுக்காடு. டயரின் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 60 விழுக்காடு என்பதே அதன் பொருள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

235இல் 60 விழுக்காடு 141 மி.மீ. ரிம்முக்கு மேலும் கீழும் சுவர் இருப்பதால் அது 282 மி.மீ. 18 அங்குலம் என்பது 457 மி.மீ. இரண்டையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 739 மி.மீ.

பின்னால் மட்டும் அகலமாக இருக்கட்டும் என்று 255/60 ஆர்18 போட்டால் என்ன ஆகும்? அகலம் கூடியதால் அதன் 60 விழுக்காடும் கூடுகிறது. விட்டம் 763 மி.மீ. ஆகிவிடுகிறது. முன் டயரைவிட 24 மி.மீ. பெரியது, அதாவது 3 விழுக்காட்டுக்கும் சற்று அதிகம். அதற்குப் பதிலாக 255/55 ஆர்18 போட்டால் விட்டம் ஏறத்தாழ 738 மி.மீ. அகலம் கூடியும் முன் டயருடன் உள்ள வேறுபாடு 2 மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது.

பாலத்தைக் கடக்கும்போது

739 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 430 முறை சுழலும். 763 மி.மீ. சக்கரம் 417 முறை சுழலும். பினாங்கின் இரண்டாவது பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர். அதை ஒருமுறை கடப்பதற்குள் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட 320 சுற்றுகளுக்கு மேல் அதிகம் சுழன்றிருக்கும்.

வளைவில் திரும்பும்போது முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல்வது இயல்பு. அதைத் தாங்கவே நடு டிஃபரன்ஷியலோ பல தட்டுக் கிளட்சோ வைக்கப்படுகிறது. ஆனால், அவை சில விநாடி வேறுபாட்டுக்காக அமைக்கப்பட்டவை. நேர்சாலையிலும் ஓயாமல் வேறுபாடு இருந்தால் கிளட்ச் தட்டுகள் உரசிச் சூடாகும், எண்ணெய் கெடும், நாளடைவில் அந்தப் பாகமே பழுதாகும். குறுகலான கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பும்போது கார் இழுத்து இழுத்து நகர்வது இதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று.

கணினி என்ன நினைக்கும்?

ஏபிஎஸ், டிராக்ஷன் கட்டுப்பாடு, நிலைத்தன்மைக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் நம்பியிருப்பது ஒரே தகவலை. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சென்சார், அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்கிறது. டயரின் விட்டம் என்ன என்று கணினி பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது சுழற்சி மட்டுமே.

மேற்சொன்ன எடுத்துக்காட்டில் முன் சக்கரங்கள் எப்போதும் வேகமாகச் சுழல்கின்றன. கணினிக்கு அது முன் சக்கரம் வழுக்குவதைப் போலத் தோன்றலாம். அப்படியானால் அது எஞ்சின் சக்தியைக் குறைக்கும், அல்லது பிரேக்கைத் தொடும். தேவையின்போது மட்டும் பின் சக்கரங்களுக்குச் சக்தி அனுப்பும் கார்களில், கிளட்ச்சை இறுக்கிச் சக்தியைப் பின்னால் திருப்பும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

இதில் எரிச்சலைவிட ஆபத்தே பெரிது. மழையில் நனைந்த பத்து பெரிங்கி சாலையிலும், பாலிக் பூலாவுக்கு ஏறி இறங்கும் துன் சார்டோன் சாலையின் வளைவுகளிலும்தான் இந்தப் பாதுகாப்பு அமைப்புகள் உண்மையில் தேவைப்படும். அடிப்படைத் தகவலே பிசகியிருந்தால், அங்கே அவை வேண்டாத நேரத்தில் தலையிடவோ, வேண்டிய நேரத்தில் தாமதிக்கவோ கூடும். விளக்கு எரிகிறது என்பதற்காக டிராக்ஷன் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டுவது தீர்வாகாது. கிளட்ச்சின் உரசலும் அதனால் நிற்காது.

தொழிற்சாலையே அப்படிப் பொருத்துகிறதே?

உண்மைதான். 2013இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எக்ஸ்டிரைவ் காருக்கு அந்நிறுவனமே வழங்கிய 20 அங்குல ரிம் வகை ஒன்றில் முன்னால் 275/40, பின்னால் 315/35. அகலத்தில் 40 மி.மீ. வேறுபாடு. ஆனால், விட்டத்தைக் கணக்கிட்டால் முன்னால் 728 மி.மீ., பின்னால் 728.5 மி.மீ. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

விட்டமே மாறுபடும் கார்களும் உண்டு. தற்போதைய தலைமுறை போர்ஷே 911 கரேரா 4எஸ், முன்னால் 20 அங்குல ரிம்மில் 245/35 டயரும், பின்னால் 21 அங்குல ரிம்மில் 305/30 டயரும் கொண்டது. பின் டயர் 37 மி.மீ. அளவுக்குப் பெரியது. அந்தக் கார் தொடக்கத்திலிருந்தே அந்த அளவுகளுக்காக வடிவமைக்கப்பட்டது. ஆகவே, காப்பாற்ற வேண்டியது தயாரிப்பாளர் வைத்த முன்-பின் விகிதம். நான்கும் ஒரே சுற்றளவு என்று வடிவமைக்கப்பட்ட கார் அப்படியே இருக்க வேண்டும்.

சுபாரு நிறுவனம் இதில் கண்டிப்பானது. நான்கு டயர்களும் ஒரே அளவு, ஒரே ரகமாக இருக்க வேண்டும், சுற்றளவு வேறுபாடு கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் அறிவுரை. கால் அங்குலம் என்பது 6.4 மி.மீ. மட்டுமே.

தேய்மானமும் கணக்கில் சேரும்

ரிம் மாற்றாதவர்களுக்கும் இது பொருந்தும். புதிய டயரின் பள்ளம் 8 மி.மீ., பழைய டயரில் 3 மி.மீ. மிஞ்சியிருக்கிறது என்றால், விட்டத்தில் 10 மி.மீ., சுற்றளவில் 31 மி.மீ. வேறுபாடு வந்துவிடுகிறது. ஆணி குத்திய ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றுவது முன் சக்கர இயக்கக் காரில் சிறிய விஷயம். நான்கு சக்கர இயக்கத்தில் அப்படியல்ல. மேலும், முன் பின் வெவ்வேறு அளவு போட்டுவிட்டால் டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றித் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் வழியில்லை.

கடைக்குப் போகும் முன்

* ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டப்பட்டுள்ள அட்டையிலோ கையேட்டிலோ காரின் அசல் டயர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். முன் பின் வேறு அளவுகளைக் கையேடு அனுமதிக்கவில்லை என்றால், அத்துடன் நிறுத்திக்கொள்வதே நல்லது.

* புதிய அளவுகளின் விட்டத்தை மேலே காட்டியபடி கணக்கிடுங்கள். முன்-பின் விகிதம் அசலோடு ஒத்துப்போக வேண்டும்.

* முன்னும் பின்னும் ஒரே நிறுவனத்தின் ஒரே ரக டயரை வாங்குங்கள். எழுத்தில் ஒரே அளவாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மையான சுற்றளவு சற்று மாறும். பொருத்திய பின் நாடா கொண்டு சுற்றளவை அளந்து பாருங்கள்.

* டயரின் சுமைக் குறியீடு அசலைவிடக் குறையக்கூடாது.

* டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே நடவடிக்கை எடுக்கலாம். பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரும் சட்டப்படி குற்றம்.

* ரிம் மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாற்றியவர்கள், டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களை இன்றே பார்த்துக் கணக்கிடலாம். வேறுபாடு பெரிதாகத் தெரிந்தால் நீண்ட பயணத்துக்கு முன்பே சரிசெய்வது நல்லது. இரண்டு டயர்களை மாற்றும் செலவு, கிளட்ச்சையும் பற்சக்கரப் பெட்டியையும் மாற்றும் செலவைவிடக் குறைவு.