சில்லுப் பூட்டிய பயணப் பெட்டியும் சுமந்தவர்களின் கதையும்

மனிதன் 1969 ஆம் ஆண்டு சந்திரனில் கால் பதித்துவிட்டான். ஆனால் பயணப் பெட்டிக்குச் சில்லுப் பூட்டலாம் என்ற எண்ணம் அதற்கு அடுத்த ஆண்டில்தான் அவனுக்கு உதித்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கண்டுபிடிப்புகள் ஏன் தாமதமாகின்றன என்பதற்கு உதாரணமாக, பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரொபர்ட் ஷில்லர் போன்றவர்களும் இந்தப் பெட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சுவையான பேச்சுத்தான். ஆயினும், சில்லும் பெட்டியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அருகருகே இருந்தும் ஏன் ஒன்று சேரவில்லை என்ற கேள்விக்கு மனித மூளையின் மந்தத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

உண்மையில் அந்த எண்ணம் முன்பே இருந்தது. பெட்டியின் அடியில் வாரினால் கட்டி உருட்டிச் செல்லக்கூடிய சில்லுச் சாதனங்கள் 1940களிலேயே பிரித்தானியப் பத்திரிகைகளில் விளம்பரப்படுத்தப்பட்டன. சுவீடன் நாட்டு எழுத்தாளர் கத்ரீன் மார்சால் 2021 இல் ஆங்கிலத்தில் வெளியான தமது நூலில் இதனை எடுத்துக்காட்டியுள்ளார். அவை பெண்களுக்கான பொருட்களாகவே விற்கப்பட்டன. வசதி படைத்த ஆணுக்கு அது தேவைப்படவில்லை. அவனுடைய பெட்டியைத் தூக்குவதற்கு வேறொருவன் இருந்தான்.

அந்த வேறொருவனின் கதையைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. அமெரிக்கப் புகையிரத நிலையங்களில் சிவப்புத் தொப்பி அணிந்து சுமை தூக்கியவர்களை ‘ரெட் கெப்’ என்று அழைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். பட்டப்படிப்பு முடித்தும் நிறவெறி காரணமாக வேறு தொழில் கிடைக்காமல் பெட்டி சுமந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். பயணிகள் மனமுவந்து கொடுக்கும் சில்லறைக் காசே பலருக்கு முழு வருமானமாக இருந்தது. 1937 இல் வில்லார்ட் டவுன்சென்ட் என்பவரின் தலைமையில் அவர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது, பயணிகள் கொடுக்கும் அந்தச் சில்லறையையே சம்பளமாகக் கணக்குக் காட்ட முற்பட்டன நிலைய நிர்வாகங்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1942 இல் நிர்வாகத்துக்குச் சார்பாகவே தீர்ப்பு வந்தது.

ஆக, தூக்குபவனின் உழைப்பு அவ்வளவு மலிவாகக் கிடைத்த காலத்தில் சில்லுக்கு என்ன தேவை? கொழும்புப் புறக்கோட்டையில் ‘நாட்டாமி’ என்று அழைக்கப்படும் சுமை தூக்குவோரை அறிந்த நம்மவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

விமானப் பயணம் பெருகியதும் நிலைமை மாறியது. பேர்னார்ட் சாடோ என்பவர் அமெரிக்காவில் பயணப் பெட்டி தயாரிக்கும் நிறுவனமொன்றின் உப தலைவர். 1970 இல் அரூபா தீவில் விடுமுறையைக் கழித்துவிட்டுக் குடும்பத்துடன் திரும்பிய அவர், இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சுங்கப் பரிசோதனைக்குக் காத்து நின்றார். அப்போது ஊழியர் ஒருவர் பாரமான இயந்திரமொன்றைச் சில்லுப் பலகையில் வைத்து அலட்டிக்கொள்ளாமல் தள்ளிச் செல்வதைக் கண்டார். ஊர் திரும்பியவர், பழைய உடுப்புப் பெட்டகமொன்றின் சில்லுகளைக் கழற்றித் தமது பெட்டியில் பூட்டி, இழுப்பதற்கு ஒரு வாரும் கட்டினார். 1972 இல் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காப்புரிமைப் பத்திரத்திலேயே ஒரு சமூக வரலாறு அடங்கியிருக்கிறது. முன்னர் சுமை தூக்குவோர் பொதிகளைக் கையாண்டார்கள், தெருவுக்கு அண்மையிலேயே ஏற்றி இறக்கினார்கள், இன்றைய பெரிய விமான நிலையங்களிலோ பொதியே பயணியின் பெரும் சிரமமாகிவிட்டது என்ற கருத்தை அதில் காணலாம்.

ஆனால் நியூயோர்க்கின் பெரிய அங்காடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாடோவைத் திருப்பி அனுப்பின. ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்குவான், உருட்டமாட்டான் என்பதுதான் வியாபாரிகளின் கணிப்பு என்று அவர் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார். இறுதியில் மேசிஸ் அங்காடி 1970 ஒக்டோபரில் அதை விற்பனைக்கு வைத்தது. அத்துடன் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. கிடையாக நான்கு சிறு சில்லுகளில் நின்ற அந்தப் பெட்டி, நாயை இழுத்துச் செல்வதுபோல வாரில் இழுக்கப்பட்டது. திரும்பும் இடத்தில் தள்ளாடியது, சரிந்தது.

இன்று நாம் இழுத்துச் செல்லும் பெட்டிக்கு உருவம் கொடுத்தவர் ரொபர்ட் பிளாத். அவர் அப்போதைய நோர்த்வெஸ்ட் விமான சேவையின் விமானி. 1987 இல், வீட்டின் வாகனக் கொட்டகையில் வைத்து, பெட்டியை நெட்டையாக நிறுத்தி, கீழே இரண்டு சில்லுகளையும் மேலே நீண்டு மடங்கும் கைப்பிடியையும் பொருத்தினார். முதலில் வாங்கியவர்கள் சக விமானிகளும் பணிப்பெண்களுமே. சீருடை அணிந்தவர்கள் விமான நிலையத்தில் மிடுக்காக அதை இழுத்துச் செல்வதைக் கண்ட பயணிகள், தாமும் கேட்கத் தொடங்கினார்கள். ஆண்மை பற்றிய வியாபாரிகளின் கவலையை விமானியின் சீருடை துடைத்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். பிளாத் விமானம் ஓட்டுவதை விட்டுவிட்டு டிரவல்புரோ நிறுவனத்தை நடத்தப் போனார்.

அடிக்கடி பயணம் செய்வோர் கவனிக்க வேண்டிய விடயம் இங்கேதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறை போகிறவனின் பெட்டி எதையும் தாங்கிவிடும். வாரந்தோறும் படிக்கட்டிலும் கற்பாதையிலும் இழுபடும் பணியாளரின் பெட்டியே பலவீனங்களை வெளிப்படுத்தியது. பெட்டியின் உடல் அவ்வளவு இலகுவில் கெடுவதில்லை. கெடுவது சில்லு, கைப்பிடி, ஸிப், மூலை ஆகியனவே. ஆகவே கடையில் நிறத்தைப் பார்க்குமுன் கைப்பிடியை முழுதாக நீட்டி ஆட்டிப் பாருங்கள். சில்லு திருகாணியால் பூட்டப்பட்டிருந்தால் தேய்ந்த பின் மாற்றலாம், ஆணி அறைந்து இறுக்கியிருந்தால் இலகுவில் முடியாது. நான்கு சில்லுப் பெட்டி வழுவழுப்பான தரையில் சுகமாக ஓடும். ஆனால் அதன் சில்லுகள் வெளியே துருத்தி நிற்பதால் அடிபடும். அனுமதிக்கப்பட்ட உயரத்தைச் சில்லுடன் சேர்த்தே அளப்பதால் உள்ளே இடமும் குறையும். உடலைப் பொறுத்தவரை, இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் காப்பு அங்கிக்காக உருவான ‘பலிஸ்டிக்’ நைலோன் துணி இன்றும் நல்ல தெரிவு. கடினப் பெட்டி விரும்புவோர், அடிபட்டால் வளைந்து மீளும் பொலிகார்பனேட்டை நாடலாம். மலிவான பிளாஸ்டிக் வெடித்துவிடும். ஆயுட்கால உத்தரவாதம் என்ற சொல்லை நம்பி வாங்குமுன் சிறிய எழுத்துகளையும் வாசியுங்கள். விமான நிறுவனம் ஏற்படுத்தும் சேதத்தைப் பல உத்தரவாதங்கள் ஏற்பதில்லை.

2008 இல் அமெரிக்க விமான நிறுவனங்கள் சரக்கறைக்குக் கொடுக்கும் முதலாவது பெட்டிக்கே 15 டொலர் அறவிடத் தொடங்கின. அதன்பின் எல்லோரும் கைப்பெட்டிக்கு மாறி, தலைக்கு மேலுள்ள தட்டு நிரம்பி வழிகிறது. அங்குள்ள பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் 22 அங்குலம், 14 அங்குலம், 9 அங்குலம் என்ற அளவைத்தான் பார்க்கின்றன, நிறையைப் பார்ப்பதில்லை. நமது பக்கத்திலோ, ஆசியாவின் பல விமான சேவைகள் 7 கிலோவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அமெரிக்கச் சந்தைக்கென உறுதியாகச் செய்த மூன்றரைக் கிலோ பெட்டியைக் கொண்டுவந்தால், அனுமதியில் பாதியை வெறும் பெட்டியே தின்றுவிடும். டொரன்டோவிலோ இலண்டனிலோ பெட்டி வாங்கிச் சென்னை வழியாக யாழ்ப்பாணம் வரும் நம்மவர்கள், விலைச்சீட்டைப் பார்க்கும்போதே வெறும் பெட்டியின் நிறை எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.